விராம்பட்டினத்தில் ஒதுங்கிய ஆயர்

தமிழகக் கடற்கரைக்கு வந்து தங்கிய மேலைநாட்டுச் சமயத் தொண்டர் என்றதும் நம் மாணவர் நினைவுக்கு வருவோர் தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் ஆவர். இவர்கள் தமிழ் மக்களை நாடி வந்தவர்கள். தமிழால் பெயர் பெற்றவர்கள். இவ்விருவர்க்கும் பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேறொருவர் இக்கரையை அடைந்தார். அவர் தமிழை நாடி வந்தவரல்லர்; உயிர் பிழைக்க ஒதுங்கியவர். தாம் பணிபுரிந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, எஞ்சிய மாணவர் சிலரோடு புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் தங்கினார். அங்கிருந்தபடியே, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நாட்டின் மொழிக்கு அகராதி செய்தார். நம் சென்னைச் சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். அவ்வாறு ஒதுங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, நாடிழந்த மன்னன் ஒருவனின் இளமகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு மீண்டும் அதே கரைக்கு வந்து நின்றார்.

பியேர் பிஞ்ஞோ தெ பெஹேன் என்பது அவர் பெயர். வியட்நாமியர் அவரைப் பா டா லொக் என்பர். பிரெஞ்சு ஏடுகளில் அவர் ஆட்ரான் ஆயர் என்றே பெரிதும் குறிக்கப்படுகிறார். ஆட்ரான் என்பது சிரியப் பகுதியில் விளங்கிய ஒரு பழைய நகர். தமக்கெனத் தனி மறைமாவட்டம் அமையாத நாடுகளுக்கு அனுப்பப்படும் ஆயர்க்கு, முற்காலத்தில் ஆயர் இருக்கையாக இருந்து மறைந்துபோன நகர் ஒன்றின் பெயரைச் சூட்டுவது கத்தோலிக்கத் திருச்சபையின் மரபு. ஆகவே இவர் ஒருநாளும் காணாத ஊருக்கு ஆயர். ஆயராய் இருந்து பணிபுரிய வேண்டிய நாட்டிலோ பல ஆண்டுகள் கால் வைக்க இயலாதவர்.

ஒரு கத்தோலிக்க ஆயரின் வரலாறு நம் மலரில் இடம்பெறுவது ஏன் என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். இவ்வரலாற்றில் திப்பு சுல்தானின் தூதும் வருகிறது. காரைக்கால், புதுச்சேரித் தமிழரின் கடல் வாழ்வும் வருகிறது. அன்றியும், ஏதிலியர் என்னும் சொல் சென்னையின் மேற்குப் புறத்தில் வாழும் நமக்குப் புதிய சொல்லன்று. 1990களில் இலங்கைத் தமிழர் பலர் அடைத்து வைக்கப்பட்டிருந்த சிறப்பு முகாம் நம் பூவிருந்தவல்லியில் இருந்ததை நாம் அறிவோம். ஊரை இழந்து பிறர் கரையில் ஒதுங்கும் மனிதர் அங்கே என்ன செய்கிறார், எதைக் காக்கிறார், எதற்காகத் தம்மையே விலையாகக் கொடுக்கிறார் என்பன எக்காலத்தும் எண்ணத்தக்க வினாக்கள்.

தோல் பதனிடுவோரின் மகன்

பிஞ்ஞோ 1741 நவம்பர் 2ஆம் நாள் வடபிரான்சில் ஒரினி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். பாரிசில் குருத்துவக் கல்வி பெற்று, அந்நகரிலிருந்த வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்தில் இணைந்தார். 1765 டிசம்பரில் லோரியான் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர், இன்றைய வியட்நாமின் தென்கோடியில், கம்போடிய எல்லையை ஒட்டிய ஹா தியென் பகுதியை 1767இல் அடைந்தார். அப்போது அந்நாட்டின் தென்பகுதியை ஐரோப்பியர் கொச்சின்-சீனம் என்று அழைத்தனர்.

அந்த 1767ஆம் ஆண்டு கீழ்த்திசை நாடுகளில் கொடிய ஆண்டு. பர்மியப் படை சயாம் நாட்டின் தலைநகராகிய அயுத்தியாவை அழித்தது. அங்கு நூறாண்டுக் காலம் நடந்துவந்த குருமடம் சிதறி, ஹா தியெனுக்கு அருகே ஹோன் தாத் என்னுமிடத்தில் மூங்கிலும் ஓலையுமாக ஒதுங்கியது. சயாமியர், சீனர், வியட்நாமியர் எனப் பல நாட்டு இளைஞர் அங்குப் பயின்றனர். இளைஞரான பிஞ்ஞோ அதன் பொறுப்பை ஏற்றார்.

ஏதிலியர்க்கு உதவினார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட முதற்குற்றம். அயுத்தியா வீழ்ந்தபின் ஹா தியெனுக்கு ஓடிவந்த சயாம் இளவரசன் ஒருவன் தப்பிச் செல்லத் துணைநின்றார் என்று ஐயுற்று, அப்பகுதியின் ஆட்சியாளர் 1768இல் அவரைச் சிறையிலிட்டார். ஏணி போன்ற கனத்த மரத்தளையைக் கழுத்தில் பூட்டினர். ஏறத்தாழ மூன்று திங்கள் அத்தளையோடு கிடந்தார். விடுதலை பெற்று மீண்டு வந்த மறு ஆண்டிலேயே, 1769இல், கொள்ளையர் குருமடத்தைத் தாக்கினர். மாணவர் சிலர் கொல்லப்பட்டனர், குடியிருப்பு தீக்கிரையாயிற்று. எஞ்சியோரை அழைத்துக்கொண்டு பிஞ்ஞோ கடல்வழியே மலாக்காவுக்கும், அங்கிருந்து புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தார். அப்போது ஆண்டு 1770. அவருக்கு வயது இருபத்தொன்பது நிரம்பவில்லை.

மலாக்காவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடைப்பட்ட அக்கடல்வழி அந்நாளில் பெரிதும் நம் மரக்காயர்களின் வழி என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். நாகூரும் பரங்கிப்பேட்டையும் காரைக்காலும் அவ்வழியின் தலைவாயில்கள். துணியும் அரிசியும் சென்ற வழியில் துரத்தப்பட்டோரும் வந்தனர்.

விராம்பட்டினம்

அவர் வந்து கண்ட புதுச்சேரி ஒரு பாழூர். 1761இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தனர். உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப வந்தபின், ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் அது மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. தெற்கே கருநாடகப் பகுதி முழுதும் போர் அச்சத்தில் கிடந்தது. முந்தைய ஆண்டாகிய 1769இல்தான் ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னையின் வாயில்வரை வந்து, ஆங்கிலேயரைத் தாம் விரும்பியவாறு உடன்படிக்கை செய்யவைத்துத் திரும்பியிருந்தது. இத்தகைய நாட்டில்தான் அந்தப் பல்நாட்டு மாணவர் கூட்டம் அடைக்கலம் பெற்றது.

அவர்களுக்குக் கிடைத்த இடம் விராம்பட்டினம். புதுச்சேரிக்குச் சில கல் தெற்கே, அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்குமிடத்தை ஒட்டிய மீனவர் ஊர் அது. செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவால் இன்று அவ்வூரைப் பலர் அறிவர். அங்கே குருமடம் மீண்டும் நடைபெறத் தொடங்கிற்று. சயாமில் தோன்றி, கொச்சின்-சீனத்தில் எரிந்த ஒரு பள்ளி தமிழக மணலில் மூன்றாம் முறை எழுந்தது என்பதைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் பழகாத இளைஞர், அவர்களுள் ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது, இலத்தீனே பொதுமொழி. சுற்றிலும் ஒலித்ததோ தமிழ்.

இங்கிருந்த காலத்தில், 1772, 1773 ஆகிய ஆண்டுகளில், பிஞ்ஞோ வியட்நாமிய-இலத்தீன் அகராதியை உருவாக்கினார். கொச்சின்-சீனத்து மாணவர் சிலர் உடனிருந்து துணைபுரிந்தனர். இதற்கு முன்னும் அம்மொழிக்கு ஓர் அகராதி உண்டு. அலெக்சாந்தர் தெ ரோத் என்னும் துறவி செய்தது. 1651இல் உரோமையில் அச்சேறியது. அவரும் அந்நாட்டிலிருந்து பலமுறை வெளியேற்றப்பட்டவரே. ஆயின் அதில் இலத்தீன் எழுத்துகளே இருந்தன. பிஞ்ஞோவின் அகராதியோ, வியட்நாமிய மக்கள் தம் மொழிச் சொற்களை எழுதச் சீன எழுத்து முறையைத் தழுவி அமைத்துக்கொண்ட நோம் எழுத்துகளையும் உடன் தந்தது. இது சிறு வேறுபாடன்று. அயலாரின் வரிவடிவில் மட்டும் ஒரு மொழியைப் பதிவுசெய்வது அயலார்க்கே பயன்படும். அம்மக்கள் தாமே தம் நூல்களில் எழுதிவந்த வடிவத்தையும் அருகில் வைக்கும்போது அவர்தம் இலக்கியத்திற்கும் அது வாயிலாகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி தமிழ்ப் புலவர்தம் நிகண்டு மரபை உள்வாங்கி எழுந்ததைப் பயின்ற நம் மாணவர்க்கு இவ்வுண்மை எளிதில் புலனாகும்.

அப்பணியின் கடுமையை உணர ஒரு சொல் போதும். வியட்நாமிய மொழியில் ஓசையின் ஏற்ற இறக்கமே பொருளை வேறுபடுத்தும். மா என்னும் ஓரசை, தொனி மாற மாற, பேய் என்றும், தாய் என்றும், ஆனால் என்றும், கல்லறை என்றும், குதிரை என்றும், நெல் நாற்று என்றும் ஆறு பொருள்படும். தொனி பிறழ்ந்தால் தாயைப் பேயென்று விளிக்க நேரும். நம் தமிழிலும் மா ஓரெழுத்தொருமொழியே. அதற்கும் மரம், விலங்கு, பெருமை எனப் பொருள் பல. குதிரை என்பதும் அவற்றுள் ஒன்று. இந்தப் பொருத்தம் தற்செயலானதே. ஆயினும் விராம்பட்டினத்து மீனவர் வாயில் அச்சொல்லைக் கேட்டு அம்மாணவர் வியந்திருப்பரோ என்று எண்ண நம் மனம் விழைகிறது. அவ்வோசைகளையெல்லாம் குறிகளால் பிரித்து, அம்மொழி வழங்கும் நாட்டுக்குத் திரும்புவோமா என்பதே தெரியாத நிலையில், இரண்டாண்டுகளில் ஒரு பேரகராதியை அவர் நிறைவு செய்தார். அவர் வாழ்வில் செய்தவை அனைத்திலும் இதனையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். இக்கருத்தை மறுப்போர் உளர். அவர் பெயரை உலகறியச் செய்தது வேறொன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

இதற்கிடையில் 1771இல் அவர் ஆட்ரான் ஆயராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு கொச்சின்-சீனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆயர் மறையவே, அப்பொறுப்பும் இவர்மேல் விழுந்தது. திருநிலைப்பாடு 1774 பிப்ரவரி 24ஆம் நாள் சென்னைச் சாந்தோமில் நிகழ்ந்தது. அச்சடங்கு நடந்த சூழல் விந்தையானது. சாந்தோம் போர்ச்சுகீசிய அரசின் ஆதரவு பெற்ற மறைமாவட்டத்தின் தலைமையிடம். ஊரோ ஆங்கிலேயர் கையில். ஆயராகின்றவரோ அவ்விருவர்க்கும் போட்டியான பிரெஞ்சு நாட்டவர். உரோமை நேரே அனுப்பும் மறைப்பணியாளர்க்கும் போர்ச்சுகீசிய ஆதரவு பெற்றோர்க்கும் கீழ்த்திசையெங்கும் அக்காலத்தில் ஓயாத பூசல். அவையெல்லாம் அன்றொருநாள் ஒதுங்கி நின்றன போலும். இன்று சாந்தோம் சென்று அவ்விடத்தைக் காண விழைவோர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். வானளாவி நிற்கும் இப்போதைய பேராலயம் 1890களில் கட்டப்பட்டது. பிஞ்ஞோ மண்டியிட்ட பழைய கோயில் இன்றில்லை.

1775இல் அவர் தம் பணிநாடு திரும்பினார்.

நாடிழந்த மன்னன்

அந்நாட்டில் 1771இல் எழுந்த தை சோன் கிளர்ச்சி பெருந்தீயாய்ப் பரவியிருந்தது. தென்பகுதியை ஆண்ட நுயென் குடும்பத்தினர் 1777இல் பெரும்பாலும் கொல்லப்பட்டனர். தப்பியவர் பதினைந்து வயது நுயென் ஆன். காட்டிலும் சதுப்பிலும் மறைந்து திரிந்த அவ்விளைஞருக்கு உணவும் ஒளிவிடமும் அளித்தோருள் பிஞ்ஞோவும் அவரைச் சார்ந்தோரும் இருந்தனர். இங்கிருந்து ஆயரின் வாழ்க்கை வேறு திசையில் திரும்புகிறது. நுயென் ஆன் வென்றபோது உடன் வென்றார்; தோற்றோடியபோது உடன் ஓடினார். 1780களின் தொடக்கத்தில் இருவரும் தீவுதோறும் ஒளிந்து வாழ்ந்தனர். முடிவில் மன்னர் தம் மூத்த மகன் கான்ஹ் என்பவரையும் அரச முத்திரையையும் ஆயரிடம் ஒப்படைத்து, பிரான்சின் உதவியைப் பெற்றுவர வேண்டினார். அச்சிறுவருக்கு அப்போது வயது நான்கோ ஐந்தோ இருக்கும். தந்தையே ஏதிலியாய்ச் சயாமில் தங்கியிருந்தார்.

1785 பிப்ரவரியில் ஆயரும் இளவரசரும் புதுச்சேரி சேர்ந்தனர். ஆங்கிலேயர் 1778இல் மீண்டும் கைப்பற்றியிருந்த அந்நகர், அப்போதுதான் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்துகொண்டிருந்தது. பொறுப்பிலிருந்த அதிகாரி இம்முயற்சியை விரும்பவில்லை. படை இல்லை, பணம் இல்லை, பாரிசின் ஆணை இல்லை என்பதே அவர் விடை. ஓராண்டுக்கு மேல் ஆயர் அங்குக் காத்திருந்தார். 1786 நடுவில் கப்பலேறி 1787 தொடக்கத்தில் பிரான்சை அடைந்தார்.

வெர்சேல் அரண்மனையில் அச்சிறுவர் ஒரு காட்சிப் பொருளானார். அரசவை மகளிர் அவரைக் கொண்டாடினர். தலைப்பாகையும் பட்டாடையுமாக அவரை ஓவியர் தீட்டிய உருவப்படம் பாரிசில் இன்றும் உள்ளது. 1787 நவம்பர் 28ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்சின் சார்பில் அமைச்சர் மோன்மோரேனும், நுயென் ஆனின் சார்பில் ஆயரும் ஒப்பமிட்டனர். நான்கு போர்க்கப்பல்கள், 1,200 காலாட்படையினர், 200 பீரங்கிப் படையினர், 250 ஆப்பிரிக்க வீரர் ஆகியோரை அனுப்பப் பிரான்சு இசைந்தது. ஈடாக டா நாங் துறைமுகமும் புலோ கொந்தோர் தீவும் பிரான்சுக்குரியவாகும். ஆயர் அறியாத ஒன்றும் நடந்தது. படை அனுப்புவதா வேண்டாவா என்பதைப் புதுச்சேரி ஆளுநரே முடிவு செய்யலாம் என்று மந்தணமாக மற்றொரு கட்டளையும் எழுதப்பட்டது. கையொப்பமிட்ட மையுலரும் முன்னரே வாக்கு தளர்ந்துவிட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டு வரலாறு இவ்வரலாற்றோடு குறுக்கிடுகிறது. திப்பு சுல்தான் ஆங்கிலேயர்க்கு எதிராகப் பிரான்சின் துணைவேண்டி அனுப்பிய தூதர் மூவர், அதே 1787இல் ஜூலைத் திங்களில், அதே புதுச்சேரியிலிருந்து கப்பலேறினர். 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தை அடைந்து, ஆகஸ்டு 10ஆம் நாள் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டனர். ஆயர் 1787 டிசம்பரில் பிரான்சைவிட்டுப் புறப்பட்டு 1788 மே மாதத்தில் புதுச்சேரி சேர்ந்தார். எனவே இவ்விரு தூதும் கடல்நடுவே ஒன்றையொன்று கடந்து சென்றிருக்க வேண்டும். மைசூர்த் தூதர்க்கு விருந்தும் சிறப்பும் அழகிய பீங்கான் பரிசுகளும் கைவினைஞர் சிலரும் கிடைத்தனர்; படைத்துணை கிடைக்கவில்லை. கொச்சின்-சீனத் தூதுக்கு எழுதப்பட்ட உடன்படிக்கையே கிடைத்தது, அதுவும் நிறைவேறவில்லை. கருவூலம் வறண்டு, புரட்சியின் வாயிலில் நின்ற அரசு எவருக்கு எதைக் கொடுக்க இயலும்? அம்மன்னரே 1793இல் கொலைக்களம் கண்டார். திப்பு சுல்தான் 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு வீழ்ந்தார். ஆயர் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கோட்டை முற்றுகைக் களத்தில் நோயால் மாண்டார். ஒரே கதவைத் தட்டிய இருவர் ஐந்து திங்கள் இடைவெளியில் மறைந்தனர்.

புதுச்சேரியின் ஆளுநராக அப்போதிருந்தவர் தாமஸ் கான்வே. அயர்லாந்தில் பிறந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் வாசிங்டனோடு பகைத்துப் பெயர் கெட்டவர். அவர் ஆயரை மதிக்கவில்லை. படை அனுப்பவும் மறுத்தார். அவரை வில்லனாகக் காட்டும் நூல்கள் பல. நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்பளிக்க விரும்பவில்லை. இருக்கும் படையை அனுப்பிவிட்டால் புதுச்சேரியை யார் காப்பது என்னும் அவர் கவலை பொய்யன்று. ஆயினும் அவர் மறுப்பால் ஆயர் இரண்டாம் முறையும் இக்கரையில் ஓராண்டு கைகட்டி நிற்க நேர்ந்தது.

அரசு கைவிட்டதைத் தனியொருவராகச் செய்து முடிப்பதென்று ஆயர் துணிந்தார். தம் பணத்தையும் வணிகர் தந்த பொருளையும் கொண்டு துப்பாக்கியும் வெடிமருந்தும் வாங்கினார். வானியே, புய்மனேல் முதலிய கடற்படை, தரைப்படை அலுவலர் சிலர் தம் விருப்பால் உடன் சேர்ந்தனர். 1789 ஜூனில் புதுச்சேரியை நீங்கி அடுத்த மாதம் வியட்நாமை அடைந்தார். அதற்குள் நுயென் ஆன் தம் சொந்த வலிமையாலேயே சைகோனை மீட்டிருந்தார் என்பதை மறத்தலாகாது. ஐரோப்பியரே அவருக்கு நாட்டை வென்று கொடுத்தனர் என்று பிற்காலத்துப் பிரெஞ்சு நூலார் எழுதியது மிகை. வந்த சிலருள்ளும் பலர் 1792க்குள் விலகிச் சென்றனர்.

வணங்காத சிறுவர்

ஆயர் வாழ்வில் நம்மை மிகவும் கலங்கச் செய்யும் நிகழ்ச்சி போர்க்களத்தில் நடந்ததன்று, அரண்மனையில் நடந்தது. திரும்பி வந்த கான்ஹுக்கு அப்போது வயது ஒன்பது. அந்நாட்டு வழக்கப்படி முன்னோர் நினைவு மாடத்தின்முன் தலைவணங்குமாறு அவரைப் பணித்தனர். அவர் மறுத்துவிட்டார். முன்னோரை வழிபடுதல் பிழை என்று அவர் ஆயரிடம் கற்றிருந்தார். நான்காண்டுக் காலம் மகனைப் பிரிந்திருந்த தந்தை, அவன் தன் குலத்திற்கே அயலானாய்த் திரும்பியதைக் கண்டார். அரசவையில் பெருங்கசப்பு எழுந்தது.

கான்ஹ் சிறுவர், அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயர்மேல் கசப்பைக் காட்டுவதும் எளிதன்று. சீன, வியட்நாமிய முன்னோர் சடங்குகளைக் கிறித்தவர் செய்யலாகாதென்று 1742இல் திருத்தந்தை ஆணையிட்டிருந்தார். அவ்வாணைக்கு அவர் கட்டுப்பட்டவர். நம் மதுரையில் தத்துவ போதகர் பூணூல், சந்தனம் போன்றவற்றைச் சமூக வழக்கென ஏற்றுப் பெற்ற எதிர்ப்பையும், தமிழகச் சடங்குகள் பற்றிய 1744ஆம் ஆண்டுத் திருத்தந்தை ஆணையையும் அறிந்தோர் இச்சிக்கலின் ஆழத்தை உணர்வர். இறைவன் ஒருவனையே வணங்குவோர் பிறர் மரபின்முன் எவ்வளவு வளையலாம், எங்கே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. நம் முன்னோரும் இம்மண்ணில் அதனை எதிர்கொண்டனர். ஊருக்கு ஊர் விடை வேறுபட்டது. பிஞ்ஞோ தம் பிற்காலத்தில், அத்தலைவணக்கம் பெற்றோர்க்குச் செய்யும் நன்றியே, வழிபாடன்று என்று கொள்ள இடமுண்டெனக் கருதத் தலைப்பட்டார். உரோமை உடன்படவில்லை. அத்தடை 1939இல்தான் நீங்கியது. கான்ஹ் பின்னர்த் தம் நாட்டு வழக்கோடு ஒருவாறு இணங்கினார். 1801இல் பெரியம்மையால் இளமையிலேயே மாண்டார்.

ஆயர் தம் கடைசிப் பத்தாண்டுகளையும் மன்னரின் ஆலோசகராகவும் இளவரசரின் ஆசானாகவும் கழித்தார். 1799 அக்டோபர் 9ஆம் நாள், குய் நோன் முற்றுகையின்போது வயிற்றுப்போக்கு நோயால் உயிர் நீத்தார். அவருக்கு வயது ஐம்பத்தேழு. உடலைச் சைகோனுக்குக் கொண்டுவந்து, டிசம்பர் 16ஆம் நாள் மன்னரும் அரச குடும்பத்தினரும் முன்னிற்க, அரச மரியாதையுடன் அடக்கம் செய்தனர். நுயென் ஆன் 1802இல் நாடு முழுவதையும் வென்று ஜியா லோங் என்னும் பெயரோடு பேரரசரானார்.

ஆயர் செய்தவற்றுள் துப்பாக்கி வாங்கியதையே பலர் பழிப்பர். நாமோ அதனினும் பெரிய பிழையாகக் கருதுவது அந்த உடன்படிக்கையை. தமக்குரியதல்லாத நாட்டின் துறைமுகத்தையும் தீவையும், நாடிழந்து தவித்த ஒருவரின் பெயரால், அயல் அரசுக்கு எழுதிக் கொடுத்தார். அது அன்று நிறைவேறாமற் போனது. ஆனால் எழுதியது எழுதியதுதான். 1858இல் பிரெஞ்சுக் கப்பற்படை டா நாங்கைத் தாக்கியபோது அப்பழைய ஏட்டைத் தம் உரிமைக்குச் சான்று காட்டியோர் இருந்தனர். 1862இல் புலோ கொந்தோர் பிரான்சின் கைக்கு வந்து சிறைத்தீவாயிற்று. நாட்டு விடுதலைக்குப் போராடிய வியட்நாமியர் பல்லாயிரவர் அங்கு விலங்கிடப்பட்டனர். நண்பரைக் காக்க எழுதியதன் விலையை நண்பரின் நாடு செலுத்திற்று.

அவ்வாட்சியின் நிழலில் நம்மவரும் அங்குச் சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழர் அலுவலராகவும் வணிகராகவும் சைகோனில் குடியேறினர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் தொழுகைக்குரியதாய் விளங்குகிறது. தமிழர் வழிபட்ட மாரியம்மன் கோயிலும் உண்டு.

பிரெஞ்சு ஆட்சியாளர் 1902இல் சைகோன் பேராலயத்தின் முன்னே ஆயருக்குச் சிலை வைத்தனர். ஒரு கையால் இளவரசரைப் பற்றியிருப்பதாய் அமைந்த அச்சிலை 1945இல் அகற்றப்பட்டது. மன்னர் கட்டுவித்த கல்லறை அதன்பின்னும் நெடுநாள் நின்றது. 1983இல் அதுவும் நீக்கப்பட்டு, எஞ்சிய சாம்பல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. கல்லறை இருந்த வட்டச்சாலையை மட்டும் அந்நகரத்தார் பெரிய தந்தையின் சமாதி என்னும் பழம்பெயரால் இன்றும் வழங்குகின்றனர்.

அகராதியின் கதை இதனினும் இனிது. அது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கைமாறி வந்தது. ஜியா லோங்குக்குப் பின் வந்த மின் மாங் 1833இல் கிறித்தவத்திற்குத் தடை விதித்தபோது, அங்கு ஆயராயிருந்த தபேர் சயாம் வழியே தப்பிப் பினாங்குக்கும், பின்னர்க் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தார். பிஞ்ஞோவின் படியைத் திருத்தியும் விரித்தும் 1838இல் சீராம்பூர் அச்சகத்தில் அவர் அச்சேற்றினார். கேரியும் தோழர்களும் நிறுவிய சீராம்பூர் அச்சகம் புரோட்டஸ்டன்டு சபையாரின் உழைப்பில் வளர்ந்தது. கத்தோலிக்க ஆயர் இருவரின் நூல் அங்கு உருப்பெற்றது. தமிழகக் கரையில் ஒதுங்கிய ஒருவர் எழுதியதை, வங்கக் கரையில் ஒதுங்கிய மற்றொருவர் அச்சிட்டார். தபேர் பணிநாடு திரும்பவேயில்லை. 1840இல் கல்கத்தாவில் மறைந்தார்.

விராம்பட்டினத்துக் குருமடம் 1780களின் போர்க்காலத்தில் மூடப்பட்டது. பின்னர் அதே மரபு 1808இல் பினாங்கில் மீண்டும் தொடங்கிற்று. கல்விச் சுற்றுலாவாக அரிக்கமேடு செல்லும் நம் மாணவர், ஆற்றங்கரை மரங்களிடையே நிற்கும் உயர்ந்த செங்கற் சுவர்களைக் கண்டு, அவற்றை உரோமானியர் கட்டியவை என்று குறிப்பேட்டில் எழுதிவருவதுண்டு. உரோமானிய வணிகத்தின் சான்றுகளை வீலர் 1945இல் தோண்டியெடுத்தது மண்ணுக்கடியில். மேலே நிற்கும் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மறைப்பணி இல்லத்தின் எச்சங்கள். விராம்பட்டினம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவே.